திரையில் வடிவம் வரைதலும் பொருள்நோக்கு நிரலாக்கத் தொடக்கக் கல்வியும்: இரு பாடநூல்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பொருள்நோக்கு நிரலாக்கத்தை முதன்முதலாகக் கற்பவர்க்கு வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றைத் திரையில் வரையும் பயிற்சியே பெரும்பாலும் முதல் எடுத்துக்காட்டாக அமைகின்றது. கண்ணால் காணத்தக்கது என்பதால் அவ்வெடுத்துக்காட்டு எளியது என்னும் கருத்து நிலவுகின்றது. டேவிட் பார்ன்ஸ், மைக்கேல் கோலிங் இருவரும் எழுதிய ஜாவா பாடநூலையும் பியார்னெ ஸ்ட்ரூஸ்ட்ரப் எழுதிய சி++ பாடநூலையும் ஒப்பிட்டு, அவ்வெடுத்துக்காட்டு எதனைக் கற்பிக்கின்றது, எதனை மறைக்கின்றது என்பதனை இக்கட்டுரை ஆராய்கின்றது. தமிழ்வழிக் கல்வியில் வழங்கும் கலைச்சொற்கள் இவ்வெடுத்துக்காட்டோடு எவ்வாறு பொருந்துகின்றன என்பதும் நோக்கப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: பொருள்நோக்கு நிரலாக்கம், இனக்குழு, மரபுரிமம், வடிவம், வரைதளம், கலைச்சொல், பாடநூல் திறனாய்வு.

முன்னுரை

ஒரு துறையின் அடிப்படைக் கருத்துகளைப் போலவே அத்துறையின் எடுத்துக்காட்டுகளும் ஆராய்ச்சிக்கு உரியவை. இலக்கண நூல்களில் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு நூற்பாவின் பொருளை விரிப்பதும் உண்டு, சுருக்குவதும் உண்டு. நிரலாக்கப் பாடநூல்களிலும் இந்நிலையே காணப்படுகின்றது. இனக்குழு, பொருள், மரபுரிமம், பல்லுருவாக்கம் ஆகிய கருத்துகளை விளக்கப் புகும் நூல்கள் பலவும், 'வடிவம்' என்னும் அடிப்படை இனக்குழுவை நிறுத்தி, அதிலிருந்து 'வட்டம்', 'சதுரம்' ஆகியவற்றைத் தருவித்து, ஒவ்வொன்றிற்கும் 'வரை' என்னும் செயற்கூற்றை அளிக்கின்றன. மாணவர் அதனைப் படியெடுத்து எழுதுகின்றனர், தேர்விலும் எழுதுகின்றனர். ஆயினும் அவர்களுள் பலர் ஒரு வட்டத்தையேனும் திரையில் கண்டதில்லை. 'வரை' என்னும் செயற்கூற்றின் உள்ளே 'வட்டம் வரையப்படுகிறது' என்னும் தொடரை அச்சிடும் ஒரு வரி மட்டும் இருப்பதே இதற்குக் காரணம். வரைதலைப் பற்றிய எடுத்துக்காட்டில் வரைதல் இல்லை என்னும் இம்முரணே இவ்வாய்விற்கு அடிப்படையாகின்றது.

எடுத்துக்காட்டின் வரலாறு

திரையில் வடிவம் வரைதலும் பொருள்நோக்குச் சிந்தனையும் தொடக்கத்திலேயே பிணைந்தவை. ஐவன் சதர்லேண்ட் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1963இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு 'ஸ்கெட்ச்பேட்' என்னும் வரைதல் அமைப்பைப் பற்றியது. லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினியில் ஒளிப்பேனா கொண்டு வரையும் அவ்வமைப்பில் ஒரு மூல வரைபடத்திலிருந்து பல படிகளை உருவாக்கலாம். மூலத்தை மாற்றினால் படிகள் அனைத்தும் மாறும். பின்னாளில் இனக்குழு, பொருள் எனப் பெயர்பெற்ற உறவின் முன்வடிவமாக இது கருதப்படுகின்றது. ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்டு இருவரும் நார்வேயில் உருவாக்கிய சிமுலா 67 என்னும் மொழியே இனக்குழு, துணை இனக்குழு ஆகியவற்றை மொழிக்கூறுகளாக நிறுவியது. அம்மொழி வளர்ந்த களம் வரைகலை அன்று. போலச்செய்தல் என்னும் களமாகும். எனவே, மரபுரிமம் என்னும் கருத்து வட்டம், சதுரம் ஆகியவற்றிலிருந்து பிறந்ததன்று என்பது இங்குக் கருதத்தக்கது.

கல்விக்களத்தில் இரு முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. 1967இல் தோன்றிய லோகோ மொழியில் ஆமை ஒன்று திரையில் நகர்ந்து கோடு வரையும். முன்செல்லுதல், 90 பாகை திரும்புதல் ஆகிய இரண்டினை நான்கு முறை செய்தால் சதுரம். ஓர் அலகு முன்சென்று ஒரு பாகை திரும்புவதனை 360 முறை செய்தால் வட்டம்போல் தோன்றும் உருவம். கற்கும் சிறுவர் ஆமையின் இடத்தில் தம்மை வைத்து, தாமே நடந்து பார்த்து நிரலைச் சரிபார்க்க இயலும். சீமோர் பேப்பர்ட் 1980இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூல் இதனை உடலோடு இயைந்த கற்றலாக விளக்குகின்றது. அடுத்து, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஸ்மால்டாக் மொழியைச் சிறுவர்க்குக் கற்பித்த அடேல் கோல்ட்பர்க், 'பெட்டி' என்னும் ஒரே இனக்குழுவிலிருந்து தொடங்கினார். 'ஜோ' எனப் பெயரிடப்பட்ட ஒரு பெட்டிக்குத் 'திரும்பு', 'வளர்' என்னும் செய்திகளை அனுப்பினால் அது திரையில் திரும்பும், வளரும். அங்கு மரபுரிமப் படிநிலை தொடக்கத்தில் இல்லை. ஒரு பொருள், அதன் பெயர், அதன் நிலை, அதற்கு அனுப்பப்படும் செய்தி ஆகிய நான்குமே இருந்தன.

அவ்வெற்றியின் எல்லையையும் அம்மையத்தினரே பதிவுசெய்துள்ளனர். நிரலாக்கம் அறியாத பெரியவர்களுக்கு ஸ்மால்டாக் கற்பித்தபின், முகவரி அட்டைக் கோப்பு போன்ற ஒரு சிறு பணியை அளித்தபோது அவர்களால் அதனைச் செய்ய இயலவில்லை என ஆலன் கே தம் வரலாற்றுக் கட்டுரையில் எழுதுகின்றார். ஒரு பக்க அளவிலான அந்நிரலுள் எளிதில் புலப்படாத கருத்துகள் 17 இருந்தமையை அவர் பின்னர் உணர்ந்தார். பெட்டியை ஆட்டுவிக்கக் கற்றவர் ஓர் அமைப்பை வடிவமைக்கக் கற்றவர் ஆகார் என்பது இதனால் பெறப்படும்.

பார்ன்ஸ் – கோலிங்: ஏவலுக்குக் காத்திருக்கும் வட்டம்

கோலிங்கும் அவர்தம் குழுவினரும் 1999இல் வெளியிட்ட புளூஜே என்னும் கற்றல் சூழலைத் துணையாகக் கொண்டது பார்ன்ஸ் – கோலிங் பாடநூல். 'பொருள்களே முதலில்' என்னும் கொள்கை அதன் தலைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. முதல் இயலின் பயிற்சி, முன்னைப் பதிப்புகளில் 'ஷேப்ஸ்' எனவும் பின்னைப் பதிப்புகளில் 'ஃபிகர்ஸ்' எனவும் பெயர்பெறும் வடிவத் திட்டமாகும். மாணவர் ஒரு வரிகூட எழுதாமல், திரையில் தெரியும் 'வட்டம்' என்னும் இனக்குழுப் பெட்டியைச் சுட்டி, அதிலிருந்து பொருளை ஆக்கலாம். ஆக்கியவுடன் திரையின் அடியில் சிவப்பு நிறப் பெட்டியாக அப்பொருள் அமரும். ஆனால் வட்டம் கண்ணுக்குத் தெரியாது. 'தெரியச் செய்' என்னும் செயற்கூற்றை அழைத்த பின்னரே நீல வட்டம் தோன்றும்.

பொருள் இருத்தல் வேறு, தோன்றுதல் வேறு என்னும் வேறுபாடு இச்சிறு நிகழ்வில் உணர்த்தப்படுகின்றது. ஒரே இனக்குழுவிலிருந்து மூன்று வட்டங்களை ஆக்கி ஒன்றனை மட்டும் நகர்த்தினால் மற்றவை நிற்கும். செயற்கூறு ஒன்றே, நிலை வெவ்வேறு என்பது விளங்கும். ஒரு வட்டத்தின் உள்நிலையைத் திறந்து பார்த்தால் விட்டம், கிடைநிலை, செங்குத்து நிலை, நிறம், தெரிகின்றதா என்னும் ஐந்து புலங்கள் காணப்படும். நிறத்தை மாற்றும்போது நிறப்பெயரை மேற்கோள் குறிக்குள் தராவிடின் பிழை எழும். சூழல் அறியாத ஒரு நிறப்பெயரைத் தந்தாலோ பிழை எழாது; வட்டம் கறுப்பாகும். தரவின் வகை, தரவின் மதிப்பு ஆகிய இரண்டின் வேறுபாட்டையும் நீண்ட விளக்கமின்றி மாணவர் இதனால் அறிவர். இவை இந்நூலின் பேறுகள்.

குறை வேறிடத்தில் உள்ளது. அத்திட்டத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் மூன்றும் தனித்தனி இனக்குழுக்கள். அவற்றிற்குப் பொதுவான அடிப்படை இனக்குழு இல்லை. 'வலப்புறம் நகர்', 'கீழே நகர்', 'நிறம் மாற்று' ஆகியவை மூன்றிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுள்ளன. தொடக்க நிலையில் மரபுரிமத்தைத் தவிர்த்தமை பொருத்தமான முடிவே. ஆனால் மரபுரிமத்தைக் கற்பிக்கும் பின்னைய இயலில் நூல் இவ்வடிவங்களுக்கு மீளவில்லை. குறுவட்டு, டிவிடி ஆகியவற்றைப் பட்டியலிடும் தரவுத்தளத்தையும், பின்னைப் பதிப்புகளில் சமூக வலைத்தளப் பதிவுகளையும் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது. முதல் நாளில் மாணவர் கண்ட கூறியது கூறல் அவர்தம் கண்முன்னேயே நீக்கப்பட்டிருப்பின், மரபுரிமம் எதற்காக என்னும் வினாவிற்கு அவர்தம் பட்டறிவே விடையாகியிருக்கும். அவ்வாய்ப்பை நூல் இழக்கின்றது.

மற்றொரு கூறும் கருதத்தக்கது. மூன்று வடிவங்களுக்கும் பின்னால் 'கேன்வாஸ்' என்னும் வரைதள இனக்குழு உள்ளது. வட்டத்தை நகர்த்தும்போது அது முதலில் அழிக்கப்பட்டு, நிலை மாற்றப்பட்டு, மீண்டும் வரையப்படுகின்றது. வரைதளம் தன்னிடமுள்ள பொருள்களின் பட்டியலிலிருந்து அவ்வட்டத்தை நீக்கி, இறுதியில் சேர்த்து, அனைத்தையும் வரிசையாகத் திரும்ப வரைகின்றது. இதன் விளைவாக, கடைசியாக நகர்த்தப்பட்ட வடிவம் மற்றவற்றின் மேல் வந்து அமர்கின்றது. வீடு வரையும் பயிற்சியில் சுவரை ஒரு முறை நகர்த்தினால் சாளரம் சுவரின் பின்னே மறையும். 'சுவரைத்தானே நகர்த்தினேன், சாளரம் எங்கே?' என மாணவர் எழுப்பும் வினாவிற்கு வட்டம், சதுரம் ஆகியவற்றின் நிரலில் விடை இல்லை. வரைதளத்தின் நிரலிலேயே விடை உள்ளது. அதனைத் தொடக்கநிலை மாணவர் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்னும் முடிவோடு பயிற்சி அமைக்கப்பட்டுள்ளது. மறைத்தல் கற்பித்தலுக்குத் தேவையே. எனினும் மறைக்கப்பட்டது விளைவுகளின் வழியே வெளிப்படும்போது அதனை விளக்கும் கடமை நூலுக்கு எழுகின்றது.

ஸ்ட்ரூஸ்ட்ரப்: சாளரத்தோடு இணைக்கப்படும் வடிவம்

சி++ மொழியை உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்க்குக் கற்பித்த பாடத்திலிருந்து எழுந்தது அவரது தொடக்கநிலைப் பாடநூல். முதற்பதிப்பு 2008இலும் இரண்டாம் பதிப்பு 2014இலும் வெளிவந்தன. அவ்விரு பதிப்புகளிலும் வரைகலை முதல் இயலில் இல்லை. மாறி, சுழற்சி, பிழைகையாளல், இனக்குழு ஆகியவற்றைக் கற்ற பின்னர், 12ஆம் இயலில் 'காட்சி மாதிரி' என்னும் தலைப்போடு தொடங்குகின்றது. வடிவங்கள் ஆக்கப்படுகின்றன, அவை ஒரு சாளரத்தோடு இணைக்கப்படுகின்றன, சாளரம் திரையில் காட்டப்படுகின்றது. வடிவம், சாளரம், திரை ஆகிய மூன்றின் உறவு நிரலிலேயே வெளிப்படையாக எழுதப்படுகின்றது. பார்ன்ஸ் – கோலிங் நூல் மறைக்கும் வரைதளத்தை இந்நூல் முதலிலேயே முன்னிறுத்துகின்றது.

இந்நூலின் வட்டம் மேலும் ஒரு பாடத்தைத் தருகின்றது. திரை நூலகங்கள் பலவற்றில் வட்டத்திற்கென மையப்புள்ளி கேட்கப்படுவதில்லை. ஜாவாவின் வரைகலை நூலகத்தில் வட்டம் வரையத் தனிச் செயற்கூறு இல்லை. நீள்வட்டம் வரையும் செயற்கூற்றுக்கு, வட்டத்தைச் சூழும் கற்பனைச் செவ்வகத்தின் இடமேல் மூலை, அகலம், உயரம் ஆகியவற்றைத் தரவேண்டும். திரையின் தொடக்கப்புள்ளியும் இடமேல் மூலையே. செங்குத்து மதிப்பு கீழ்நோக்கி வளரும். பள்ளிக் கணக்கில் வட்டத்தை மையமும் ஆரமும் கொண்டு வரைந்தவர், வரைபடத்தாளில் மேல்நோக்கி எண்ணியவர், திரையின் முன் தடுமாறுவது இவ்விடத்திலேயாகும். ஸ்ட்ரூஸ்ட்ரப்பின் வட்டம் மாணவரிடம் மையத்தையும் ஆரத்தையும் மட்டுமே கேட்கின்றது. தன்னுள்ளே ஆரத்தைக் கழித்து இடமேல் மூலையைச் சேமிக்கின்றது; மையத்தைக் கேட்டால் ஆரத்தைக் கூட்டித் தருகின்றது. மையம் (100, 100), ஆரம் 30 எனத் தந்தால் உள்ளே இருப்பது (70, 70). வெளித்தோற்றம் மாந்தர்க்கு உரியது, உள்ளமைப்பு கருவிக்கு உரியது என்னும் உறைபொதியாக்கக் கருத்திற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. உறைபொதியாக்கம் என்பதனைத் 'தரவைப் பாதுகாத்தல்' என ஒரு வரியில் வரையறுக்கும் குறிப்பேடுகள், பாதுகாக்க வேண்டியதன் காரணத்தைக் காட்டுவதில்லை. இவ்வட்டம் அக்காரணத்தைக் காட்டுகின்றது.

இந்நூலின் தடை அதன் கருவியிலேயே உள்ளது. அவ்விரு பதிப்புகளும் பயன்படுத்தும் எஃப்எல்டிகே என்னும் வரைகலை நூலகம் சி++ மொழியின் பகுதியன்று. தனியே நிறுவி நிரலோடு இணைக்கப்பட வேண்டும். மாணவர் பலர் பகிர்ந்துகொள்ளும் கல்லூரி ஆய்வகக் கணினிகளில், நிறுவும் உரிமை மாணவரிடம் இல்லாத சூழலில், முதல் வட்டத்திற்கு முன்பே பயிற்சி நின்றுவிடக்கூடும். புளூஜே இத்தடையை ஏறத்தாழ நீக்குகின்றது. ஒன்று விளக்கத்தில் நிறைந்து அணுகலில் குறைகின்றது. மற்றொன்று அணுகலில் நிறைந்து விளக்கத்தில் குறைகின்றது.

சதுரம் செவ்வகமா?

வடிவ எடுத்துக்காட்டை மரபுரிமத்திற்குச் சான்றாக்கும்போது எழும் சிக்கல் நன்கு அறியப்பட்டது. கணிதத்தில் ஒவ்வொரு சதுரமும் செவ்வகமே. எனவே செவ்வகத்திலிருந்து சதுரத்தைத் தருவிக்கலாம் என மாணவர் முடிவுசெய்வர். செவ்வகத்திற்கு அகலத்தை மாற்றும் செயற்கூறும் உயரத்தை மாற்றும் செயற்கூறும் உள்ளன எனக் கொள்ளலாம். சதுரம் தன் இயல்பைக் காக்க, ஒன்றனை மாற்றும்போது மற்றொன்றையும் மாற்ற வேண்டும். செவ்வகம் எனக் கருதிப் பெற்ற ஒரு பொருளின் அகலத்தை 5 எனவும் உயரத்தை 4 எனவும் அமைத்த நிரல், பரப்பளவு 20 என எதிர்பார்க்கும். வந்தது சதுரமாயின் கிடைப்பது 16. பிழைச்செய்தி எதுவும் எழாது. விடை மட்டும் தவறாகும். பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஆற்றிய உரையிலும் ஜீனெட் விங்குடன் 1994இல் எழுதிய கட்டுரையிலும் முன்வைத்த பதிலீட்டுக் கொள்கை இதனைத் தெளிவாக்குகின்றது. துணைவகை, அடிப்படைவகையின் இடத்தில் நின்று அதன் நடத்தையைக் காக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பெயரளவிலான 'ஒருவகை' உறவு போதாது. வடிவத்தை ஆக்கியபின் அதன் அளவை மாற்ற இயலாதவாறு அமைத்தால் இச்சிக்கல் எழுவதில்லை என்பதும் கருதத்தக்கது. சிக்கல் சதுரத்தில் இல்லை, மாற்றத்தில் உள்ளது.

ஸ்ட்ரூஸ்ட்ரப்பின் நூலில் வட்டமும் நீள்வட்டமும் ஒன்றிலிருந்து ஒன்று தருவிக்கப்படாமல், தனித்தனியே வடிவத்திலிருந்து தருவிக்கப்பட்டுள்ளமை இப்பின்னணியில் பொருள்பொதிந்தது. அங்கு மரபுரிமம் கணித வகைப்பாட்டைப் பின்பற்றவில்லை, நடத்தையைப் பின்பற்றுகின்றது. குறிப்பேடுகளின் வடிவப் படிநிலையோ வகைப்பாட்டையே மரபுரிமம் எனக் காட்டுகின்றது. ஓர் எடுத்துக்காட்டு எளிமைக்காகச் சிலவற்றை விடலாம். தவறான பொதுமையைப் பழக்கப்படுத்தலாகாது.

'வரை' என்னும் செயற்கூறு வடிவத்திற்கு உரியதா என்பதும் வினாவிற்குரியது. பரப்பளவை மட்டும் கணக்கிடும் ஒரு நிரலுக்குத் திரை தேவையில்லை. செவ்வகத்தினுள் வரைதலையும் பரப்பளவையும் ஒருங்கே வைத்தால் அந்நிரலும் வரைகலை நூலகத்தைச் சுமக்க நேரும் என ராபர்ட் மார்ட்டின் சுட்டுகின்றார். இது தொடக்கநிலைக்குரிய செய்தியன்று எனலாம். ஆயினும் 'வட்டம் தன்னைத்தானே வரைந்துகொள்கின்றது' என்னும் தொடர் உண்மையின் ஒரு பாதி மட்டுமே என்பதனைத் தொடக்கத்திலேயே உணர்த்துதல் தகும். வட்டம் தன் நிலையை அறியும், வரைவது வரைதளம்.

தமிழ்க் கலைச்சொற்களின் பங்கு

தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்களில் இனக்குழு, பொருள், மரபுரிமம், பல்லுருவாக்கம், ஆக்கி ஆகிய சொற்கள் நிலைபெற்றுள்ளன. 'வகுப்பு' என்னும் சொல்லும் வழங்குகின்றது. இவற்றுள் 'ஆக்கி' வடிவப் பயிற்சியோடு இயல்பாகப் பொருந்துகின்றது; பொருளை ஆக்குவது ஆக்கி. 'இனக்குழு' என்பதோ ஏற்கெனவே உள்ள பலவற்றின் தொகுதியைக் குறிக்கும் சொல். நிரலில் இனக்குழு என்பது தொகுதி அன்று. பொருள்கள் தோன்றுவதற்கு முன்பே உள்ள வார்ப்பு. வட்டம் ஒன்றேனும் ஆக்கப்படாத நிலையிலும் வட்டம் என்னும் இனக்குழு உள்ளது. 'குழு' என்னும் சொல் இவ்வுண்மையை மறைக்கின்றது. 'மரபுரிமம்' என்பது முன்னோரின் உடைமையைப் பின்னோர் பெறுதலை நினைவூட்டுகின்றது. உடைமை கைம்மாறினால் கொடுத்தவரிடம் அது இருப்பதில்லை. நிரலிலோ அடிப்படை இனக்குழு எதனையும் இழப்பதில்லை. சொற்களை மாற்ற வேண்டும் என்பது இதன் கருத்தன்று. நிலைபெற்ற சொல்லின் உவமை எங்கு முறிகின்றது என்பதனைப் பாடநூல் காட்ட வேண்டும் என்பதே கருத்து. அதனைக் காட்டத் திரையில் தெரியும் வட்டமே தக்க கருவி.

தமிழ் இலக்கண மரபு இங்குத் துணைசெய்யவும் கூடும். அஃறிணைப் பொருள்களைக் கேட்பன போலவும் பேசுவன போலவும் செய்வன போலவும் கூறும் வழக்கை நன்னூல் பொதுவியல் ஏற்கின்றது. கேட்காது என்பதனை அறிந்தே கேட்பது போலக் கூறும் மரபு அது. வட்டத்தை நோக்கி 'வலப்புறம் நகர்' என ஏவும் நிரலும் இத்தகைய கூற்றே. இது ஒரு கூற்றுமுறை, வட்டத்தின் இயற்கை அன்று எனத் தமிழ் மாணவர்க்கு விளக்குவதற்கு அவர்தம் இலக்கணக் கல்வியே இடந்தருகின்றது.

முடிப்பு

இதுகாறும் நோக்கியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. வடிவம் வரையும் எடுத்துக்காட்டின் வலிமை, பொருளின் நிலையும் நிலைமாற்றமும் கண்ணால் காணப்படுவதில் உள்ளது. வரைதலுக்கு மாற்றாக ஒரு தொடரை அச்சிடும் குறிப்பேட்டு வடிவம் அவ்வலிமையை முற்றும் இழக்கின்றது.

2. பார்ன்ஸ் – கோலிங் நூல் பொருளின் இருப்பையும் தோற்றத்தையும் சிறப்பாகப் பிரித்துக் காட்டுகின்றது. வரைதளத்தை விளக்காமலும், வடிவங்களில் உள்ள கூறியது கூறலுக்கு மீளாமலும் விடுகின்றது. ஸ்ட்ரூஸ்ட்ரப் நூல் வரைதளத்தையும் உறைபொதியாக்கத்தையும் தெளிவுறுத்துகின்றது, அணுகுதற்கு அரியதாகின்றது.

3. வடிவங்களின் கணித வகைப்பாடு மரபுரிமத்திற்கு நேரடிச் சான்றாகாது. சதுரம் – செவ்வகச் சிக்கலைத் தவிர்ப்பதை விடுத்து, அதனையே பாடமாக்குதல் பயன்தரும்.

4. தமிழ்வழிப் பாடநூல் ஒன்று எழுதப்படுமாயின், ஒரு வட்டம், ஒரு வரைதளம் ஆகியவற்றோடு தொடங்கி, இரண்டாம் வடிவம் சேர்ந்து கூறியது கூறல் எழும் இடத்தில் மரபுரிமத்தை அறிமுகப்படுத்தும் வரிசை பொருத்தமானதாகும்.

கலைச்சொல்லின் வரையறையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதும் மாணவர்க்கும், தாம் ஆக்கிய வட்டம் சுவரின் பின்னே ஏன் மறைந்தது எனக் கேட்கும் மாணவர்க்கும் இடையிலான தொலைவு பெரிது. அத்தொலைவைக் கடக்கச் செய்வதே எடுத்துக்காட்டின் பணி.